கார்பன் அண்ணன் பின்பற்றிய மனிதர்கள்

அந்தப் பட்டப்பெயரை வைத்தவன் நான்தான். முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எங்கள் சபையில் ஒலிபெருக்கியைக் கவனித்துக்கொள்வது என் வேலை. ஒரு ஞாயிறு, ஆராதனைக்கு முன்னால் மேசைக்கு அடியில் குனிந்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தேன். மேலே மைக்கில் பாஸ்டர் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு "பிரியமானவர்களே..." என்று அந்தக் கனத்த குரல். அவசரமாக எழுந்து தலையை மேசையில் இடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டே நிமிஷம் பாஸ்டர்" என்றேன். பார்த்தால் அங்கே பாஸ்டர் இல்லை. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற அண்ணன் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாஸ்டரின் கார்பன் காப்பி என்று, தலை வலியோடு வாய்க்கு வந்த பெயர்தான் 'கார்பன்'. ஒரே வாரத்தில் சபை முழுக்கப் பரவிவிட்டது. அவர் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமலும் இல்லை. தெரிந்தும் கோபப்படவில்லை. உள்ளுக்குள் அது அவருக்குப் பெருமையாகவே இருந்ததாம்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. அப்பா இல்லாமல் வளர்ந்தவர். ஒரு ஆண்பிள்ளை வீட்டில் எப்படி உட்கார வேண்டும், மனைவியிடம் எப்படிப் பேச வேண்டும், கஷ்டம் வந்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பார்த்துக் கற்றுக்கொள்ள அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. இருபத்தாறு வயதில் விசுவாசத்துக்கு வந்தபோது, முதலில் கண்ணில் பட்ட பெரிய மனிதர் பாஸ்டர்தான். பசியோடு இருந்தவர் கிடைத்ததை அப்படியே விழுங்கிவிட்டார். அந்தச் செருமல், அந்த இடைவெளி, நெஞ்சில் இடது கையை வைப்பது, வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்து நெற்றியில் ஒற்றுவது என்று ஒன்று விடவில்லை. பதினைந்து வருடம் இப்படியே போனது.

வீட்டிலும் அதே குரல்தான். அவர் மனைவி தையல்கடை வைத்திருப்பவர், வாய்த்துடுக்குக்காரி. சாப்பாட்டு நேரத்தில் இவர் செருமிக்கொண்டு ஏதோ கேட்டால், "என்னங்க, இப்ப தண்ணி கேக்குறீங்களா, இல்ல ஆசீர்வாத ஜெபம் சொல்றீங்களா? சொன்னா கண்ணை மூடிக்குவேன்" என்பார்.

முதல் அடி விழுந்தது மகளிடமிருந்து. பதினோரு வயது. ஒரு சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகளை எடுத்துக் கழுவச் சொன்னார் அம்மா. பிள்ளை இடது கையை நெஞ்சில் வைத்தது. தொண்டையைச் செருமியது. "கர்த்தருக்குச் சித்தமானால், அம்மா, சாயங்காலம் பார்க்கலாம்" என்றது.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவரும்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "சாமி விஷயத்துல விளையாடக் கூடாதும்மா" என்றார்.

"நீங்க மட்டும் சொல்லலாமா? குழாய் ஒழுகுதுன்னு அம்மா சொன்னப்ப எல்லாம் நீங்க அப்படித்தானே சொல்றீங்க?"

சமையலறைக் குழாய் அப்போதும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. மூன்று வாரமாக அடியில் ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தான் ஒருவரைப் பார்த்து நடக்கிறோம் என்பது தெரியும். தன்னையும் ஒருத்தி பார்த்து நடக்கிறாள் என்பது அதுவரை உறைக்கவில்லை. நகலுக்கு நகல் எடுத்தால் எழுத்து மங்கத்தானே செய்யும்? பாஸ்டரின் குரல் தன் வழியாக மகளிடம் போய்ச் சேர்ந்தபோது, அது வேலையிலிருந்து தப்பிக்கிற தந்திரமாக மட்டும் மிஞ்சியிருந்தது.

அவர் வேலை பார்த்தது ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்கிற அறையில். கத்தரி, கிடுக்கி, கத்திப்பிடி எல்லாம் அங்கே கழுவப்பட்டு, பூதக்கண்ணாடி விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டு, இரண்டு சுற்றுத் துணியில் பொதியப்பட்டு, நீராவி மெஷினுக்குள் போகும். வெளியே வரும்போது எத்தனை நிமிடம் எவ்வளவு சூடு நின்றது என்று மெஷின் ஒரு தாளில் அச்சடித்துத் துப்பும். அதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பொதிகள் லிஃப்டில் ஏறித் தியேட்டருக்குப் போக வேண்டும்.

அந்த அறையில் அவரோடு ஒரு அக்கா வேலை பார்த்தார். வயதில் நாலைந்து வருடம் பெரியவர். எதையும் அவசரப்படாமல் செய்வதால் எல்லோரும் 'நிதானக்கா' என்பார்கள். டாக்டர்கள் வெறும் 'நிதானம்' என்பார்கள், கொஞ்சம் நக்கலாக. எங்கள் சபைதான். கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். எட்டு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தும், கார்பன் அண்ணன் அவரை ஒரு பொருட்டாகக் கவனித்ததில்லை.

தட்டு விஷயம் நடந்த அடுத்த வாரம், ஒரு காலை வேளை. அக்கா மெஷினில் முந்தி ஏற்றிய லோடுகளின் தாள்களைக் கோப்பில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு தாளில் கை நின்றது. திரும்ப ஒருமுறை படித்தார். எழுந்து போய் இன்டர்காமை எடுத்தார்.

"மூணாம் தியேட்டரா? அங்க வந்த செட்டைத் திறக்காதீங்க. திறந்திருந்தாலும் தொடாதீங்க. வேற செட் இப்ப வருது."

அக்கா அவ்வளவு வேகமாக நடந்து அன்றைக்குத்தான் பார்த்தாராம் அண்ணன். மாற்றுச் செட்டை லிஃப்டில் ஏற்றிவிட்டு அவர் திரும்புவதற்குள் டாக்டர் படியிறங்கி வந்துவிட்டார். பச்சை உடுப்பு, தலையில் தொப்பி, முகம் சிவந்து கிடந்தது.

"யார் இந்த லோடைப் பாத்தது?"

லிஃப்டிலிருந்து திரும்பிய அக்கா முன்னால் வந்தார்.

"நான்தான் டாக்டர். நடுவுல சூடு குறைஞ்சிருக்குன்னு தாள்லயே இருக்கு. நான் சரியாப் பாக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். தப்பு என்னோடது."

"பேஷன்ட்டுக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"ஆகியிருக்கும் டாக்டர். அதான் போன் பண்ணேன்."

டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். வந்த வேகத்தில் திரும்பிப் போனார். மத்தியானம் விளக்கம் கேட்டுக் காகிதம் வந்தது. அக்கா அதைப் படித்து, பதில் எழுதிக் கொடுத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

அண்ணனால் தாங்க முடியவில்லை. எதிரே போய் உட்கார்ந்தார். "என்னக்கா இது? மெஷின் பழசுன்னு ஆஸ்பத்திரிக்கே தெரியும். அது மேல சொல்லியிருந்தா யார் கேக்கப் போறாங்க?"

"மெஷினுக்கு வாயில்லையே, பாவம்."

"விளையாடாதீங்கக்கா. அத்தனை பேர் முன்னாடி எப்படி முடிஞ்சுது உங்களால?"

"எனக்கு எங்க முடியும் தம்பி? இது எங்க பெரிய நாத்தனார்கிட்ட எடுத்தது." அக்கா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுச் சொன்னார். "கல்யாணமான புதுசு. ஒரு விசேஷ வீட்டுல சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும் அந்த நாத்தனார் என்னைப் பத்தி இல்லாததைச் சொல்லிட்டாங்க. நான் அழுதுட்டே வந்துட்டேன். மறுநாள் அதே ஆளுங்களை உக்கார வெச்சு, 'நேத்து நான் சொன்னது பொய். இவ மேல தப்பில்ல, தப்பு என்னோடது'ன்னாங்க. ஜெபம் பண்ணப்ப ஆண்டவர் விடலையாம். மத்தபடி அவங்க வாயைத் திறந்தா தேள்தான். அந்த வாய் எனக்கு வேண்டாம். அந்த மறுநாளை மட்டும் எடுத்துக்கிட்டேன்."

அண்ணன் தன் டப்பாவைத் திறந்தார்.

"பாஸ்டர்கிட்டகூட ஒண்ணு எடுத்திருக்கேன்" என்றார் அக்கா.

"எந்தப் பிரசங்கம்?"

"பிரசங்கம் இல்ல. அவரோட திங்கக்கிழமை."

"திங்கக்கிழமையா?"

"என் வீட்டுக்கு எதிர்க் கட்டடத்துலதான் அவர் மச்சான் இருக்கார். பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. ஆறு வருஷமா ஒரு திங்கக்கிழமை தவறாம பாஸ்டர் வர்றார். உடம்பு துடைச்சு, நகம் வெட்டி விட்டுட்டுப் போறார். பதினஞ்சு வருஷமா அவர் பின்னாடியே நடக்குறீங்க, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பாஸ்டர் எந்த வார்த்தையில் குரலை ஏற்றுவார், எங்கே இறக்குவார் என்பது தெரியும். கைக்குட்டை எத்தனை மடிப்பு என்பது தெரியும். இது தெரியாது. கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறினார். கதவு திறந்துதான் இருந்தது. சின்ன அறை. ஜன்னலோரம் கட்டில். பாஸ்டர் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெந்நீர் வைத்து, மச்சானின் பாதத்தை மடியில் ஏந்தி உட்கார்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை, போன வாரம் மாதிரி சதையோட சேர்த்து வெட்டிடாத" என்றார் படுத்திருந்தவர், இழுத்து இழுத்து.

"வெ... வெட்டுனா கத்துங்க மச்சான். அப்பத்தான் உங்களுக்கு உணர்ச்சி வ... வந்திருக்குன்னு தெரியும்."

இருவரும் சிரித்தார்கள். வாசலில் நின்றிருந்த அண்ணன் அந்தக் குரலைக் கேட்டுத் திகைத்துவிட்டார். மெல்லிய குரல். இடையிடையே திக்குகிறது. பாஸ்டர் நிமிர்ந்து பார்த்து, "வாங்க தம்பி, அந்தத் து... துண்டை எடுங்க" என்றார், ஏன் வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல். அண்ணன் துண்டை எடுத்துக் கொடுத்தார். பிறகு இன்னொரு பாதத்தைத் தானே வாங்கித் துடைத்தார்.

படியிறங்கி வரும்போதுதான் பாஸ்டர் பேச்செடுத்தார். "என் பேச்சைக் கேட்டு மிரண்டுட்டீங்க போல. சி... சின்ன வயசுல இருந்தே திக்குவாய் எனக்கு. மேடையில நிக்கணும்னா, முதல்ல செருமி, மூச்சை இழுத்து, நெஞ்சுல கை வெச்சு அடக்கி, அப்புறம் குரலைக் கனமாக்குனாத்தான் வார்த்தை வழுக்காம வரும். வீட்டு ஆளுங்ககிட்ட அதெல்லாம் எதுக்குன்னு விட்டுடுவேன்."

அண்ணன் படியிலேயே நின்றுவிட்டார். பாஸ்டர் அவர் தோளில் கை வைத்தார். "நானும் பல நாள் சொல்லணும்னு நினைச்சிருக்கேன். என் ஊன்றுகோலைப் பதினஞ்சு வருஷமா தூக்கிட்டு நடக்குறீங்க. உங்களுக்குத்தான் கால் நல்லா இருக்கே, தம்பி!"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அண்ணனுக்குக் கண் கலங்கியது, ஆனாலும் சிரித்தார்.

"இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க" என்றார் பாஸ்டர். "இந்த ம... மச்சானோட நாலு வருஷம் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தவன் நான். தப்பு என் மேலதான். அவர் படுத்த பிறகுதான் புத்தி வந்துச்சு. அதனால என்னை மொத்தமா எடுத்துக்காதீங்க. மொத்தமா எடுத்துக்க இயேசு ஒருத்தர் போதும். நாங்க எல்லாம் அவர் பின்னாடி தட்டுத்தடுமாறி நடக்குறவங்க. என் கால் சரியா விழுந்திருக்கிற இடம் இருந்தா, அங்க மட்டும் உங்க காலை வைங்க."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஒரு வாஷர் வாங்கிவந்து குழாயைச் சரிசெய்தார். மனைவி பாத்திரத்தை எடுத்து வைத்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.

அதற்குப் பிறகு சில வாரம் சபையில் மைக் பக்கமே அவர் வரவில்லை. ஒரு ஞாயிறு ஜெபம் பண்ணச் சொல்லி அழைத்தபோது எழுந்து நின்றார். செருமல் இல்லை. சாதாரணக் குரல், கொஞ்சம் கீச்சென்றுகூட இருந்தது. நான் பழக்கத்தில் கனத்த குரலுக்காக மைக்கைக் குறைத்து வைத்திருந்தேன். அவசரமாகச் சத்தத்தை ஏற்ற வேண்டியதாயிற்று. அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் போய், பட்டப்பெயர் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடு தம்பி, பொருத்தமாத்தான் வெச்ச" என்றார்.

சோதனை எட்டு மாதம் கழித்து வந்தது.

அந்தச் சமயம் கருவி அறைக்கு மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்தது. அண்ணனுக்குத்தான் என்று கிட்டத்தட்ட முடிவாகியிருந்தது. அப்போது ஒரு நாள், ஆபரேஷன் நடுவில் ஒரு கத்தரியின் திருகு கழன்று விழுந்துவிட்டது. நல்லவேளை, பஞ்சுத் துணி மேலேயே விழுந்ததால் உடனே எடுத்துவிட்டார்கள். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் விசாரணை வந்தது. தியேட்டரில் இருந்த புது நர்ஸ் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு மறைக்கிறாள் என்று எல்லோரும் முடிவுகட்டினார்கள். அந்தப் பெண் இல்லை இல்லை என்று அழுதாள். யாரும் நம்பவில்லை.

அண்ணனுக்கு மட்டும் தெரியும். அந்தக் கத்தரியை விளக்கின் கீழ் வைத்தபோது திருகு லேசாக ஆடியதைப் பார்த்திருந்தார். தியேட்டரிலிருந்து அவசரப்படுத்திப் போன் வந்துகொண்டே இருந்தது. இந்த ஒரு தடவை பரவாயில்லை என்று பொதிக்குள் வைத்துக் கட்டிவிட்டார். பார்த்தவர் யாருமில்லை. கேட்பவரும் இல்லை.

முதல் நாள் அவர் சும்மா இருந்தார். இரண்டாம் நாளும் சும்மா இருந்தார். "வாயைத் திறக்கலாம்னு போவேன், மேற்பார்வையாளர் நாற்காலி கண்ணு முன்னாடி வந்து நிக்கும்" என்றார் என்னிடம். உடை மாற்றுகிற அறையில் உட்கார்ந்து ஜெபிக்கப் பார்த்தார். கேட்ட பிரசங்கங்களில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. வந்தது யார் தெரியுமா? அவர் ஒருநாளும் பார்த்திராத, வாயைத் திறந்தால் தேளாகக் கொட்டுகிற ஒரு நாத்தனார். சொந்தக்காரர்களை உட்கார வைத்து, தப்பு என்னோடது என்று நிற்கிற அந்த அம்மாள். அவராலேயே முடிந்திருக்கிறது, நமக்கு என்ன கேடு என்று எழுந்தார்.

மேட்ரன் அறையில் அந்த நர்ஸும் நின்றிருந்தாள்.

"மேடம், அந்தக் கத்தரியில திருகு ஆடுனதை நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் பொதியில வெச்சேன். இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. ரெண்டு நாள் சொல்லாம இருந்ததும் என் தப்பு."

சொல்லி முடிக்கும்போது வார்த்தை திக்கியது. இந்தத் தடவை அது யாரிடமிருந்தும் எடுத்ததல்ல.

அந்தப் பெண் மறுபடி அழுதாள், வேறு மாதிரி. மேற்பார்வையாளர் பதவி போயிற்று. ஆறு மாதத்துக்கு அவரை ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கருவி அறையில் விடைபெறப் போனபோது அக்கா மேசையை விட்டு எழுந்து வந்தார். "ரெண்டு நாள் எடுத்துக்கிட்டீங்களாமே? நிதானம்னு என்னைத்தான் சொல்றாங்க!" என்றார். பிறகு லிஃப்ட் வரை கூடவே நடந்து வந்தார். "நல்லா இருங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் மனைவிக்கு முதலில் கோபம்தான். "எங்க அண்ணன்கிட்ட எல்லாம் பெருமையாச் சொல்லி வெச்சிருக்கேனே, இப்ப மூஞ்சியை எங்க வெச்சுக்குவேன்?" கொஞ்ச நேரம் தையல் மெஷினைக் கடகடவென்று மிதித்தார். பிறகு நிறுத்திவிட்டு, "அந்தப் பொண்ணு ரொம்ப அழுதுச்சா?" என்று கேட்டார்.

"ம்."

"சரி விடுங்க. கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்."

மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். "பயமா இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சும்மா. அதான் ரெண்டு நாள் ஆச்சு."

மேற்பார்வையாளர் பதவி நிதானக்காவுக்குப் போனது. இந்த ஆஸ்பத்திரி எடுத்த உருப்படியான முடிவு அது ஒன்றுதான் என்பார் அண்ணன்.

சலவைப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. நாள் முழுக்க மெஷின்களின் இரைச்சல், சலவைச் சோடா வாசனை, மலைமலையாகப் படுக்கை விரிப்புகள். அங்கே பெரிய மீசை வைத்த ஒருவர் வேலை பார்த்தார். அவரும் விசுவாசிதான், வேறு சபை. எப்போதும் பாட்டு. சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் நோயாளிகளின் உடுப்பு வந்தால் ஒவ்வொரு பையிலும் கைவிட்டுப் பார்க்காமல் மெஷினில் போடமாட்டார். மூக்குக்கண்ணாடி, கடுதாசி, பல்செட் என்று எது அகப்பட்டாலும் மாடிக்கு யாரிடமும் கொடுத்தனுப்பமாட்டார். தானே படியேறிப் போய் உரியவர் கையில் கொடுத்துவிட்டு வருவார். "துணிக்காரனுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டால், "நமக்கு ஒண்ணு தொலைஞ்சா ஆண்டவர் ஆள் விட்டா தேடுறார்? அவரேதானே வர்றார்" என்று சொல்லிவிட்டு மறுபடி பாட ஆரம்பித்துவிடுவார். அண்ணன் முதல் வாரம் வேடிக்கை பார்த்தார். இரண்டாம் வாரத்திலிருந்து கூடவே படியேறினார்.

ஒரு நாள் ஒரு உடுப்பின் பையில் காது கேட்கும் மெஷின் கிடைத்தது. உரியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். இரண்டு நாள் முன்பே வீட்டுக்குப் போய்விட்டார் என்றார்கள் வார்டில். வேலை முடிந்ததும் இருவரும் விலாசத்தை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். மருமகள் கதவைத் திறந்தாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து மாமா யார்கிட்டயும் பேசலைங்க. கோவமா இருக்காருன்னு நாங்களும் விட்டுட்டோம்" என்றாள். தபால்காரர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் முன்னால் போய்க் கையை விரித்துக் காட்டினார். கிழவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. எடுத்துக் காதில் பொருத்தித் திருகத் தொடங்கினார். காத்திருந்த நேரத்தில் மீசைக்காரர் வழக்கம்போலப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்.

கிழவர் சட்டென்று திரும்பினார். "யாருப்பா அது இவ்வளவு கர்ணகடூரமா பாடுறது?"

வீடே சிரித்தது. மீசைக்காரர் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

இதை அண்ணன் எனக்குச் சொன்னது போன வாரம், சபை வாசலில். "மீசைக்காரர்கிட்ட நிறைய எடுத்துக்க வேண்டியது இருக்கு தம்பி" என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. "பாட்டைத் தவிர."